ஜீவகாருண்யமும் ஆராய்ச்சிசாலையும்

பெண்ணாடம் என்ற ஊர்ப்பெயரைப் பிரித்துப் பொருள் சொல்லுவது இவ்வட்டாரத்துப் பெரியோர்களுக்கு மிகவும் பிரியமான காரியம். பெண் என்பது தேவகன்னியர். ஆ என்பது காமதேனு. கடம் என்பது வெள்ளானை. இம்மூன்று வகையாரும் பூஜித்த தலமாதலால் பெண்ணாகடம் என்று பெயர் பெற்று, அதுவே பெண்ணாடம் என்று மருவிற்று என்பார்கள். கோவிலின் பெயரோ தூங்கானைமாடம். கருவறையின் பின்புறம் படுத்துறங்கும் யானையின் முதுகைப் போல வளைந்திருப்பதால் வந்த பெயர் அது. ஊரின் பெயரில் ஒரு பசுவும் ஒரு யானையும், கோவிலின் பெயரில் மற்றோர் யானையுமாக, பிராணிகளைத் தன் பெயரிலேயே சுமந்து நிற்கும் ஊர் இது.

சமண சமயத்தில் தருமசேனர் என்ற பெயரோடு விளங்கிப் பின் சைவத்துக்குத் திரும்பிய திருநாவுக்கரசர், அச்சமயத் தொடர்பு பட்ட உடம்போடு வாழ மனமில்லை என்று முறையிட்டு, சூலக்குறியும் இடபக்குறியும் தம் தோளிற் பெற்றது இத்தலத்திலேதான். சமணரோடு இவ்வளவு தூரம் வாதிட்ட சைவம், சமணரின் முதல் விரதமாகிய கொல்லாமையை மட்டும் விட்டுவிடவில்லை. இன்று தமிழில் 'சைவம்' என்றால் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது சிவபெருமான் அன்று, புலால் கலவாத சாப்பாடு. இங்கிருந்து வெகுதூரமில்லாத வடலூரில் 1867ஆம் ஆண்டு சத்திய தருமச்சாலையை நிறுவிய இராமலிங்க அடிகள், ஜீவகாருண்யமே மோக்ஷத்துக்குச் சாதனம் என்று கூறினார். வள்ளுவர் கொல்லாமைக்கென்றே ஓர் அதிகாரம் வகுத்திருப்பதை நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

இத்தகைய நாட்டிலே, பிராணிகளை உயிரோடு அறுத்தும் அவற்றின் உடலில் நோயை ஏற்றியும் செய்யப்படும் சோதனைகளை எதிர்த்து முதற்குரல் எழுந்திருக்க வேண்டுமன்றோ? எழவில்லை. அக்குரல் மாட்டிறைச்சி உண்ணும் லண்டன் நகரத்திலே எழுந்தது. அங்கிருந்து கப்பலேறி அடையாற்றுக்கு வந்தது. அங்கிருந்துதான் டில்லி ராஜ்ய சபைக்குப் போயிற்று. இந்த விசித்திரத்துக்குக் காரணம் யாது? நமது ஜீவகாருண்யம் அடுக்களை வாசலோடு நின்றுவிட்டது என்பதே நமது அபிப்பிராயம். எதை உண்ணலாம், எதை உண்ணலாகாது என்று ஆயிரம் ஆண்டு விவாதித்தோம். கல்லூரிக்குள்ளும் ஆஸ்பத்திரிக்குள்ளும் மருந்துச் சாலைக்குள்ளும் என்ன நடக்கிறது என்று எட்டிப்பார்க்கும் வழக்கம் நமக்கு ஏற்படவில்லை.

அக்குரலின் சரித்திரத்தைச் சுருக்கமாகச் சொல்லுவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் பாரிஸ் நகரத்தில் கிளாட் பெர்னார்டு என்ற பேராசிரியர் நாய், முயல் முதலியவற்றை உயிரோடு அறுத்து உடலின் தொழில்களைக் கண்டறிந்து வந்தார். கண்டறிந்தவை அற்பமல்ல. கல்லீரல் சர்க்கரையைச் சேமித்து வைக்கும் விதத்தை உலகுக்குச் சொன்னவர் அவரே. ஆயினும் அவருடைய மனைவியே அவரைப் பிரிந்து இச்சோதனைகளுக்கு விரோதியானார். அதே பாரிஸுக்கு 1874இல் வைத்தியம் படிக்கச் சென்ற அன்னா கிங்ஸ்போர்டு என்ற ஆங்கில மாது, ஒரு பிராணியின் மேலும் கத்தி வையாமலே படித்து 1880இல் பட்டம் பெற்றுக் காட்டினார். (இந்த அம்மையார் தமது மனோசக்தியினாலேயே பெர்னார்டைக் கொன்றுவிட்டதாக மனப்பூர்வமாய் நம்பினார் என்பது ஒரு வேடிக்கை. கொல்லாமைக்காக ஒருவரைக் கொல்ல விரும்பும் அளவுக்குப் போன பக்தியை நாம் சிபாரிசு செய்யோம்.)

இங்கிலாந்தில் பிரான்ஸெஸ் பவர் காப் என்னும் அம்மையார் 1875இல் ஒரு சங்கம் கண்டார். அடுத்த ஆண்டிலேயே, அதாவது 1876இல், பிரிட்டிஷ் பார்லிமெண்டு ஒரு சட்டம் நிறைவேற்றிற்று. சோதனை செய்பவர் லைசென்சு பெறவேண்டும். பிராணிக்கு மயக்கமருந்து கொடுக்கவேண்டும். மயக்கம் தெளியுமுன் அதைக் கொன்றுவிடவேண்டும். இவற்றுக்கு விலக்கு வேண்டுமானால் தனிச் சான்றிதழ் பெறவேண்டும் என்பன அதன் சாரம். இவ்விஷயத்துக்கென்று உலகில் ஏற்பட்ட முதல் சட்டம் இதுவே. காப் அம்மையாருக்கோ இது திருப்தியளிக்கவில்லை. நாயைக் காப்பதற்கு வந்த சட்டம் நாயை அறுப்பவரைக் காப்பதாய் முடிந்தது என்று அவர் கருதினார்.

அவர் கருத்து பொய்யல்லவென்று 1903ஆம் ஆண்டு வழக்கொன்று காட்டிற்று. லண்டன் யூனிவர்ஸிடி காலேஜில் பெய்லிஸ் என்ற பேராசிரியர் மாணவர்களுக்கு முன்பு பழுப்பு நிற நாய் ஒன்றை அறுத்துக் காண்பித்தார். அந்நாய் ஏற்கெனவே வேறொரு சோதனைக்குட்பட்டது. மாணவிகளாக அங்கு வந்திருந்த ஸ்வீடன் தேசத்துப் பெண்மணிகள் இருவர், நாய்க்குச் சரியாக மயக்கம் கொடுக்கப்படவில்லையென்று தங்கள் குறிப்பில் எழுதிவைத்தார்கள். ஸ்டீபன் கோல்ரிட்ஜ் என்ற பாரிஸ்டர் அதைப் பொதுக்கூட்டத்தில் படித்தார். 1876ஆம் வருஷத்துச் சட்டப்படி பேராசிரியர் மீது வழக்குத் தொடர அவருக்கு வழியில்லை. லைசென்சு பெற்றவர் மீது பிராது கொடுக்க உள்நாட்டு மந்திரியின் சம்மதம் வேண்டும். அதையும் ஆறு மாதத்துக்குள் செய்யவேண்டும். ஆகவே பேராசிரியரே மானநஷ்ட வழக்குப் போட்டார், ஜெயித்தார். நஷ்டஈடு 2,000 பவுன், செலவு 3,000 பவுன். பின்பு 1906இல் பாட்டர்ஸீ என்ற தொழிலாளர் பகுதியில் அந்த நாய்க்கு ஒரு சிலை எழுந்தது. அதை இடிக்க வைத்திய மாணவர்கள் திரண்டு வந்தார்கள். காக்கத் தொழிலாளரும் பெண்களும் நின்றார்கள். 1907 டிசம்பரில் டிரபால்கர் சதுக்கத்தில் பெருங்கலகம் நடந்தது. 1910இல் நகரசபையே இரவோடிரவாகச் சிலையைப் பெயர்த்தெடுத்தது. வக்கீல் தொழிலில் பழகியவர்கள் இதில் கவனிக்கத்தக்கது சிலையல்ல. மூடிய கதவுக்குள் நடக்கும் காரியத்துக்குச் சட்டம் குறுகிய காலவரம்பு வைத்தால், சட்டம் இருந்தும் இல்லாததே என்பதுதான் அது. இதே வியாதி நமது சட்டத்திலும் இருக்கிறது; அதைப் பின்னர்ச் சொல்லுவோம்.

நிற்க. 1876ஆம் வருஷத்துச் சட்டம் இங்கிலாந்து நாய்க்கு வந்ததே தவிர இந்திய நாய்க்கு வரவில்லை. இங்கே 1890இல் பிராணிவதைத் தடைச்சட்டம் ஒன்று செய்தார்கள். அது வண்டிமாட்டை அடிப்பவனுக்கும் அதிகபாரம் ஏற்றுபவனுக்குமே. ஆராய்ச்சிசாலைகள் மளமளவென்று எழுந்த காலமும் அதுவே. வடக்கே முக்தேஸ்வரிலும் கசௌலியிலும், மேற்கே பம்பாயிலும், நமது ராஜதானியில் 1899இல் கிண்டியிலும் 1907இல் குன்னூரிலும் இவை ஏற்பட்டன. கிண்டியில் கன்றுக்குட்டிகளின் தோலில் அம்மைப்பால் உற்பத்தி செய்தார்கள். குன்னூரில் ஆட்டின் மூளையிலிருந்து நாய்க்கடி மருந்து தயாரித்தார்கள். அதே குன்னூரில் மக்காரிசன் என்ற ராணுவ டாக்டர் 1920களில் எலிகளைக் கூட்டங் கூட்டமாகப் பிரித்து, ஒரு கூட்டத்துக்குச் சீக்கியர் சாப்பாடு, ஒன்றுக்குப் பட்டாணியர் சாப்பாடு, ஒன்றுக்கு மராத்தியர் சாப்பாடு, ஒன்றுக்கு வங்காளிகள் சாப்பாடு, ஒன்றுக்கு மதராஸிச் சாப்பாடு என்று போட்டு வளர்த்துப் பார்த்தார். சீக்கியச் சாப்பாட்டு எலி கொழுத்து முதலிடம் பெற்றது. மதராஸிச் சாப்பாட்டு எலி மெலிந்து கடைசியில் நின்றது. தீட்டிய அரிசியின் தோஷத்தை எலி சொல்லித்தான் நாம் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. தெரிந்த பின்னும் நாம் தீட்டிய அரிசியை விடவில்லை என்பதால் அந்த எலிகளின் தியாகம் வீணாயிற்றென்றே சொல்லவேண்டும்.

இந்தச் சாலைகளில் எதற்கும் எழுபது ஆண்டுகள் ஒரு சட்டமும் இல்லை, மேற்பார்வையும் இல்லை. மகாத்மா காந்தி 1909இல் எழுதிய 'ஹிந்த் ஸ்வராஜ்' நூலில், மனித உடலைப் பேணுவதாகச் சொல்லி ஐரோப்பிய வைத்தியர்கள் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான பிராணிகளைக் கொல்வதையும் உயிரோடு அறுப்பதையும் எந்த மதமும் ஒப்பாது என்று கண்டித்தார். ரயிலையும் வக்கீலையும் பற்றி அந்நூலில் அவர் எழுதியதைத் தேசபக்தர்கள் வாதித்துத் தீர்த்தார்கள். இப்பகுதியை வாதிக்கவும் இல்லை, அனுசரிக்கவும் இல்லை.

அடையாறு விஷயத்துக்கு வருவோம். மேலே சொன்ன கிங்ஸ்போர்டு அம்மையார் 1883இல் லண்டன் பிரம்மஞான சபைக்குத் தலைவரானவர். அன்னி பெஸண்டு அம்மையாரோ, நாஸ்திகராயிருந்த நாளில் இச்சோதனைகளுக்குச் சாதகமாக எழுதிப் பின்னர் பிரம்மஞானியானதும் எதிர்க்கட்சிக்கு வந்தவர். 1893இல் இந்தியாவுக்கு வந்த அவர் வழியாக இக்கொள்கை அடையாற்றில் வேரூன்றிற்று. அந்த நிழலில் வளர்ந்தவர் ஸ்ரீமதி ருக்மிணி தேவி. 1904இல் மதுரையில் பிறந்து, 1936இல் கலாக்ஷேத்திரம் கண்டு, சதிராட்டத்துக்குச் சபை மரியாதை தேடித் தந்தவர் என்றே அவரை நம்மவர் அறிவார்கள். 1952இல் ராஜ்ய சபைக்கு நியமிக்கப்பட்டதும் அவர் அங்கே பேசியது பரதநாட்டியத்தைப் பற்றியன்று. 1953இல் பிராணிவதைத் தடைக்கென்று தனிநபர் மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார். தனிநபர் மசோதாக்கள் சட்டமாவது நமது பார்லிமெண்டில் எவ்வளவு அபூர்வம் என்பதை வாசகர்கள் அறிவார்கள். அரசாங்கமே ஒரு சட்டம் கொண்டுவரும் என்று பிரதமர் நேரு வாக்களித்ததன் பேரில் அம்மையார் மசோதாவைத் திரும்பப் பெற்றார். அந்த வாக்கு நிறைவேற 1960 டிசம்பர் ஆயிற்று. சட்டப்படி ஏற்பட்ட பிராணிகள் நல வாரியம் 1962இல் சென்னையில் தொடங்கியது. அம்மையாரே அதன் முதல் தலைவர். (அவ்வாரியத்தின் தலைமையகத்தை 2018இல் ஹரியானாவுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். சென்னையில் இருந்த மத்திய ஸ்தாபனங்களில் ஒன்று குறைந்தது; நம் பிரதிநிதிகள் ஒருவரும் பெரிதாகக் கூச்சலிட்டதாக நமக்கு ஞாபகமில்லை.)

1960ஆம் வருஷத்து 59ஆவது சட்டமான இதன் 11ஆம் பிரிவைத் தமிழ்நாட்டில் அறியாதவர் இல்லை. 2014 மே மாதம் சுப்ரீம் கோர்ட்டு ஜல்லிக்கட்டைத் தடுத்தபோதும், 2017 ஜனவரியில் மெரினாவில் இளைஞர் திரண்டபோதும், திருத்தச் சட்டம் வந்து 2023இல் அது செல்லுமென்று தீர்ப்பானபோதும் அப்பிரிவு எல்லோர் வாயிலும் புகுந்து புறப்பட்டது. அதே சட்டத்தின் நான்காம் அத்தியாயத்தைப் படித்தவர் எத்தனை பேர்? காளையின் வாலைப் பிடிப்பது ஹிம்சையா இல்லையா என்று தேசமே வாதாடிய நாட்களில், அடுத்த ஏட்டில் இருந்த 14ஆம் பிரிவை ஒருவரும் வாய்விட்டுச் சொல்லக் கேட்டிலோம்.

அது சொல்லுவதாவது: உடற்கூறு பற்றிய புதிய அறிவுக்காகவோ, உயிரைக் காக்கவும் நீட்டிக்கவும் துன்பத்தைத் தணிக்கவும் நோயை எதிர்க்கவும் உதவும் அறிவுக்காகவோ பிராணிகள் மேல் செய்யப்படும் சோதனை எதையும் இச்சட்டம் குற்றமாக்காது. நோய் மனிதனுடையதாகவோ பிராணியுடையதாகவோ இருக்கவேண்டுமென்பதில்லை. செடிகொடிகளின் நோயாக இருந்தாலும் போதும். மணிலாச் செடியின் நோயைத் தீர்ப்பதற்கென்று ஒரு முயலை வதைத்தாலும் விலக்கு உண்டு என்று பொருள். தமது வாழ்நாளை இதற்காகவே செலவிட்ட ஓர் அம்மையாரின் முயற்சியிற் பிறந்த சட்டத்தில், ஆராய்ச்சிசாலைக்கு இவ்வளவு அகலமான கதவு திறந்து வைக்கப்பட்டது. மாட்டை அடித்த வண்டிக்காரன் 11ஆம் பிரிவிற் சிக்குகிறான். மருந்துச் சாலையின் நிபுணர் 14ஆம் பிரிவில் வெளியேறுகிறார். வர்க்கபேதம் சட்டப்புஸ்தகத்தில் எப்படி நுழைகிறது என்று காட்ட இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது அரிது.

ஆனால் கதவை அகலத் திறந்தவர்கள் ஒரு காவலையும் வைத்தார்கள். 15ஆம் பிரிவுப்படி சோதனைகளை மேற்பார்க்க ஒரு கமிட்டி அமைக்கலாம். 17ஆம் பிரிவில் அக்கமிட்டியின் கடமைகள் சொல்லப்பட்டிருக்கின்றன. இவற்றை நமது வாசகர்கள் ஒருமுறையாவது படித்துப்பார்க்க வேண்டும். மயக்கமருந்து கொடுத்தே அறுக்கவேண்டும். கடுமையாகக் காயமுற்ற பிராணியை மயக்கம் தெளியுமுன் கொன்றுவிடவேண்டும். புஸ்தகம், மாதிரி உரு, சினிமாப்படம் இவற்றால் பாடம் சொல்ல முடியுமானால் கல்லூரிகளில் சோதனையைத் தவிர்க்கவேண்டும். வெறும் கைப்பழக்கத்துக்காகப் பிராணியை அறுக்கலாகாது. முயல், எலி, தவளை போன்ற சிறு பிராணியில் செய்யக்கூடியதைப் பெரிய பிராணியில் செய்யலாகாது. எல்லாவற்றுக்கும் கணக்கு வைக்கவேண்டும். யானைக்கும் பசுவுக்கும் ஒரு நீதி, தவளைக்கு ஒரு நீதியா என்று பெண்ணாடத்துக்காரர் கேட்கலாம், கேள்வி நியாயமே. ஆயினும் பொதுவில் இவ்விதிகள் நல்ல விதிகளே. மாற்றுவது, குறைப்பது, துன்பத்தைத் தணிப்பது என்ற மூன்று வழிகளை ரஸ்ஸல், பர்ச் என்ற இரு விஞ்ஞானிகள் 1959இல் தங்கள் நூலில் வகுத்தார்கள். இன்று உலகமெங்கும் அதுவே பிரமாணம். அடுத்த ஆண்டு வந்த நமது சட்டத்தில் அவற்றின் சாயை முழுவதும் இருக்கிறது.

இனித் தண்டனையைப் பாருங்கள். கமிட்டியின் தடையை மீறினால் 20ஆம் பிரிவுப்படி அபராதம் 200 ரூபாய் வரை. சிறையில்லை. 36ஆம் பிரிவுப்படி, குற்றம் நடந்த மூன்று மாதத்துக்குள் வழக்குத் தொடரவேண்டும், பின்பு முடியாது. பாட்டர்ஸீ நாய்க்காவது ஆறு மாதம் இருந்தது. இந்த 200 ரூபாய் 1960இல் ஓர் உபாத்தியாயரின் மாதச் சம்பளத்துக்குக் குறையாத தொகை. இப்பொழுது ஒரு சோதனை எலிக்கூண்டின் விலைகூடப் பெறாது. சட்டத்தைத் திருத்துவதற்கென்று மத்திய அரசு 2022 நவம்பரில் ஒரு வரைவை வெளியிட்டுப் பொதுஜன அபிப்பிராயம் கேட்டபோது, சட்டம் நிறைவேறி அறுபத்திரண்டு ஆண்டுகள் முடியும் தறுவாயில், அந்த 200 அப்படியே 200ஆக இருந்தது.

கமிட்டியின் கதை இன்னும் பரிதாபம். 1964இல் அமைத்தார்கள், 1968இல் விதிகள் செய்தார்கள், பிறகு அது இருக்கிறதா இல்லையா என்று தெரியாதவண்ணம் நெடுங்காலம் கிடந்தது. 1990களின் பிற்பகுதியில் மேனகா காந்தி தலைமையில் உயிர்ப்பித்த பின்னரே, 1998இல் புதிய விதிகள் வந்து, பிராணிகளை வைத்துச் சோதிக்கும் ஒவ்வொரு ஸ்தாபனமும் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்றாயிற்று. இந்த அம்மையாருடைய அரசியலில் நமக்கு உடன்பாடில்லாத விஷயங்கள் பல. ஆயினும், முப்பதாண்டு உறங்கிய கமிட்டியைத் தட்டி எழுப்பியவர் அவரே என்பதை மறைப்பது நேர்மையாகாது.

கமிட்டி உறங்கிய அந்தக் காலத்தில்தான் நமது குரங்குகள் கப்பலிலும் விமானத்திலும் ஏறிக்கொண்டிருந்தன. இது சுதந்திர இந்தியாவின் சரித்திரத்தில் பேசப்படாத ஓர் ஏடு. இளம்பிள்ளைவாதத்துக்கு அமெரிக்காவில் ஸால்க் என்பவர் கண்ட தடுப்பு மருந்து, குரங்கின் சிறுநீரகத் திசுவில் வளர்க்கப்படுவது. அதற்கு வேண்டிய ரீசஸ் குரங்கு வட இந்தியக் காடுகளிலும் கோவில்களிலும் வயல்களிலும் திரிவது. (நமது தென்னாட்டுக் குரங்கு வேறு இனம், அதனால் தப்பிற்று.) 1950களின் இறுதியில் ஆண்டொன்றுக்கு ஒரு லக்ஷத்துக்கும் மேற்பட்ட குரங்குகள் ஏற்றுமதியாயின. நாமக்கல்லில் ஆஞ்சநேயருக்கு வடைமாலை சாத்தும் தேசம் இது. குரங்கு விற்ற காசை அந்நியச் செலாவணிக் கணக்கில் வரவு வைத்த தேசமும் இதுவே.

1955 ஜனவரியில் நியூயார்க்குக்குப் போகும் வழியில் லண்டன் விமான நிலையத்தில் காற்றுப் புகாத வண்டியொன்றில் அடைத்து வைக்கப்பட்ட ஏறக்குறைய 400 குரங்குகள் மூச்சுத்திணறி மாண்டன. நம் நாட்டிலும் பிரிட்டனிலும் பெருங்கூச்சல் எழுந்தது. இந்திய அரசாங்கம் ஏற்றுமதியைத் தடுத்தது; சில வாரங்களிலேயே தடையை நீக்கியது. குரங்குகளை வைத்திய ஆராய்ச்சிக்கும் தடுப்பு மருந்துக்கும் மட்டுமே உபயோகிப்போம் என்று அமெரிக்கர் வாக்குறுதி தந்தார்கள். வாக்குறுதி காகிதத்தில் பத்திரமாயிருந்தது. 1977இல், அமெரிக்க ராணுவத்தின் கதிரியக்க ஆராய்ச்சிசாலையில் ரீசஸ் குரங்குகளின் மேல் நியூட்ரான் கதிரைப் பாய்ச்சி, அவை சாகும்வரை சுழல்பட்டையில் ஓடவிட்டுப் பார்க்கிறார்கள் என்று வெளியாயிற்று. யுத்தகளத்தில் கதிர்பட்ட சிப்பாய் எவ்வளவு நேரம் சண்டையிடுவான் என்று தெரிந்துகொள்வதற்காம்! அப்போது பிரதமராயிருந்தவர் மொரார்ஜி தேசாய். 1978 ஏப்ரல் முதல் அவர் ஏற்றுமதியை அடியோடு நிறுத்தினார். அமெரிக்க விஞ்ஞானிகள் வெகுவாக மன்றாடியும் அவர் இளகவில்லை. அவருடைய பிடிவாதங்கள் பலவற்றைப் பரிகாசம் செய்த பத்திரிகை உலகம், இந்தப் பிடிவாதத்துக்குக் கடன்பட்டிருக்கிறது. 1977இல் ருக்மிணி தேவியை ராஷ்டிரபதி பதவிக்கு நிறுத்த விரும்பியவரும், அந்த அம்மையாரால் மறுக்கப்பட்டவரும் அவரேதான்.

எதிர்வாதத்தை ஒளித்துவைப்பது பத்திரிகைத் தர்மம் அன்று. அந்தக் குரங்குகளின் சிறுநீரகத்திலிருந்து வந்த மருந்தினால் கோடிக்கணக்கான குழந்தைகள் கால் ஊனமாகாமல் தப்பின. 2014 மார்ச்சில் இந்தியா அந்நோய் நீங்கிய நாடென்று சான்று பெற்றது. கிண்டிக் கன்றுகளின் அம்மைப்பால் பெரியம்மையை ஒழித்த படையில் சேர்ந்தது. நீரிழிவுக்காரரின் இன்சுலின் 1921இல் டொராண்டோ நகரத்தில் நாய்களின் மேல் கண்டது. இவற்றை நன்றியோடு அனுபவித்துக்கொண்டே எல்லாச் சோதனையும் பாபம் என்று மேடையில் முழங்குவது நமக்குச் சாத்தியமில்லை. மகாத்மாவுக்கு அந்த அதிகாரம் இருந்தது. அவர் தமக்கு வேண்டாமென்று தள்ளக்கூடியவர். நமக்கு இல்லை.

ஆனால் பிராணிக்குத் தயை காட்டினால் மனிதனுக்கு நஷ்டம் என்ற கணக்கும் எப்போதும் சரியல்ல. குன்னூர் ஆட்டின் கதையையே எடுத்துக்கொள்வோம். நாய் கடித்தால் தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்பது நமது கிராமத்துப் பிள்ளைகளுக்கு நாயைவிடப் பெரிய பயமாக இருந்தது. அந்த ஊசியில் இருந்தது வெறிநோய் ஏற்றிக் கொன்ற ஆட்டின் மூளைக் கரைசல். ஸெம்பிள் என்ற டாக்டர் கசௌலியில் வகுத்த முறை. அது பலரைக் காத்தது. சிலருக்கு மூளைத்திசுவின் ஒவ்வாமையால் பக்கவாதமும் தந்தது. திசு வளர்ப்பு முறையில் வேறு தடுப்பு மருந்து கண்டபின்பும், ஆட்டு மூளை மலிவு என்பதனால் நம் நாட்டில் 2004 வரை அதையே ஏழைகளுக்குக் குத்தினார்கள். பணமுள்ளவர் புதிய மருந்தை வாங்கிக்கொண்டார். பின்பு குன்னூர் ஸ்தாபனமே திசு வளர்ப்பில் மருந்து செய்தது. புதிய ஊசி கையில் போடப்படுகிறது, எண்ணிக்கையும் நாலைந்துதான். ஆடும் பிழைத்தது, கூலிக்காரன் பிள்ளையும் பிழைத்தான். இரண்டும் பிழைக்கும் வழி கண்ட பின்னரும் காசை எண்ணித் தாமதித்தார்களே, அதற்கு விஞ்ஞானத்தைக் குறைகூறிப் பயனில்லை. கேட்பாரில்லாத நிர்வாகமே குற்றவாளி.

தவளை விஷயமும் இவ்வாறே. நமது மாகாணத்துக் கல்லூரிகளில் தலைமுறை தலைமுறையாக விலங்கியல் மாணவர்கள் தவளையை மெழுகுத் தட்டில் குத்தி அறுத்தார்கள். அத்தவளைகள் வயல்களில் பூச்சிகளைத் தின்று நெல்லைக் காத்து வந்தவை. அறுத்தவர்களில் நூற்றுக்கு எத்தனை பேர் வைத்தியரானார்கள்? எல்லோருக்கும் தெரிந்த உறுப்பை மறுபடியும் கண்டுபிடிக்க ஓர் உயிர்! சட்டம் 17ஆம் பிரிவில் 1960லேயே இதைத் தவிர்க்கச் சொல்லிற்று. காப்டன் சுந்தரம் 1959இல் சென்னையில் தொடங்கிய புளூ கிராஸ் சங்கத்தார், கம்ப்யூட்டர் திரையிலேயே தவளையை அறுத்துப் பார்க்கும் ஏற்பாடொன்றைச் செய்து கல்லூரிகளுக்குக் கொடுத்தார்கள். பல்கலைக்கழக மானியக் குழு 2011இல் படிப்படியாகக் குறைக்கவும், 2014இல் விலங்கியல் வகுப்புகளில் அறவே நிறுத்தவும் உத்தரவிட்டது. சட்டத்தின் எழுத்து தவளையிடம் வந்து சேர ஐம்பத்துநான்கு ஆண்டுகள்! அழகுச் சாதனங்களைப் பிராணிகளின் கண்ணிலும் தோலிலும் தடவிப் பார்ப்பதையும் அதே 2014இல் தடை செய்தார்கள். அவ்விதம் சோதித்தவற்றை இறக்குமதி செய்வதையும் தடுத்தார்கள். புதிய மருந்துகளுக்குப் பிராணிச் சோதனைக்குப் பதிலாக வேறு முறைகளையும் ஏற்கலாம் என்று 2023 மார்ச்சில் விதி திருத்தப்பட்டது. இவை நல்ல காரியங்கள், பாராட்டுகிறோம். நல்ல விதிகளுக்கு நம்மிடம் என்றுமே பஞ்சமில்லை.

பஞ்சம் எங்கேயென்றால், விதியைக் கையில் எடுத்துக்கொண்டு கதவைத் தட்டும் மனிதரிடத்தில். பதிவு பெற்ற ஒவ்வொரு ஸ்தாபனத்திலும் ஒரு நெறிமுறைக் கமிட்டி இருக்கவேண்டும்; அதில் விஞ்ஞானிகளோடு ஒரு மிருக வைத்தியரும், மத்தியக் கமிட்டியின் பிரதிநிதியும், விஞ்ஞானி அல்லாத, சமூக அக்கறையுள்ள ஒரு பிரஜையும் அமரவேண்டும் என்பது ஏற்பாடு. அந்தக் கடைசி ஆசனம் யாருக்காக? நமது வாசகர்களைப் போன்றவர்களுக்காக. தேசத் தொண்டில் பழகியவர்கள், கேள்வி கேட்கக் கூசாதவர்கள், நிர்வாகியின் தயவில் பிழைக்காதவர்கள் அதில் இருக்கவேண்டும். கடலூர், விழுப்புரம், பெரம்பலூர், திருச்சி ஜில்லாக்களில் மருந்தியல் கல்லூரிகளும் வைத்தியக் கல்லூரிகளும் பல உண்டு. அவற்றில் எவை பதிவு பெற்றிருக்கின்றன, அந்த ஆசனத்தில் யார் அமர்ந்திருக்கிறார், கமிட்டி சென்ற ஆண்டு எத்தனை முறை கூடிற்று, எத்தனை பிராணிகளுக்கு அனுமதி தந்தது, எத்தனையைக் குறைக்கச் சொல்லிற்று?

இவற்றைக் கேட்பதற்குப் போராட்டம் வேண்டியதில்லை. 2005ஆம் வருஷத்துத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி சர்க்கார் கல்லூரிகளை நேரே கேட்கலாம். தனியார் கல்லூரிகளைப் பற்றிய பதிவு விவரங்களை, அவற்றைப் பதிவு செய்யும் மத்தியக் கமிட்டியைக் கேட்கலாம். மூன்று மாத வரம்பு இருப்பதால், குற்றம் ஏதும் தென்பட்டால் தாமதமின்றி மாஜிஸ்திரேட்டிடம் போகவேண்டும். ஆகவே கேள்விகளை ஆண்டுக்கொரு முறையன்றி, இரண்டு மாதத்துக்கொரு முறை அனுப்புவது புத்தி. கேள்விகளை நாம் மேலே வரிசையாகவே எழுதிவிட்டோம். அப்படியே பெயர்த்தெழுதி, கீழே கையொப்பமிட்டு அனுப்பலாம். பதில் வந்தால் அதன் நகலை நமக்கும் அனுப்புமாறு கேட்டுக்கொள்ளுகிறோம். வந்தவற்றை இப்பக்கத்திலேயே வெளியிடுவோம். முப்பது நாளில் பதில் வரவில்லையென்றால் அதையும் தெரிவிக்கலாம். விண்ணப்பத்துக்குக் கட்டணம் பத்து ரூபாய்.